பச்சோந்தியின் முன்னால் கையை எங்கே வைப்பது?

பச்சோந்தி வளர்க்கிறவர்கள் என்னிடம் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான். "கையை நீட்டினாலே சீறுகிறது, வாயைப் பிளக்கிறது, கறுத்துப் போகிறது." எப்படி நீட்டினீர்கள் என்று கேட்டால், கூண்டைத் திறந்து, மேலிருந்து, முதுகைப் பார்த்து நீட்டினேன் என்பார்கள். மரத்தில் வாழும் பச்சோந்திக்கு மேலிருந்து வருவது அதைத் தின்ன வரும் பறவை. கை வரும் திசையை மாற்றினாலே சிக்கலில் பாதி தீரும். மீதிக்குச் சில மாதப் பொறுமை வேண்டும்.

சட்டத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊர் முட்காடுகளிலும் வேலியோரங்களிலும் காணப்படும் இந்தியப் பச்சோந்தி 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறது. அதைப் பிடிப்பதும் வீட்டில் அடைப்பதும் குற்றம். எங்காவது சாலையைக் கடப்பதைப் பார்த்தால் வண்டியை நிறுத்தி வழிவிடுங்கள், அது போதும். இந்தக் கட்டுரை கனடா, பிரிட்டன், அமெரிக்கா போன்ற நாடுகளில் இருந்துகொண்டு, அங்கே சட்டம் இடம் கொடுத்து, ஏமன் பச்சோந்தி வாங்கியிருப்பவர்களுக்கு. கடைகளில் வெய்ல்டு கமீலியன் என்று சொன்னால் தெரியும். ஏமனும் சவுதி அரேபியாவின் தென்மேற்கு மூலையும் அதன் தாயகம். தலையில் உயரமாக ஒரு கொண்டை இருக்கும். அமெரிக்காவிலும் எல்லா மாநிலங்களிலும் அனுமதி இல்லை, ஹவாயில் வைத்திருக்கக் கூடாது. காட்டில் பிடித்து விற்பதை வாங்கவே வாங்காதீர்கள். வளர்ப்பில் பிறந்து, மூன்று மாதமாவது ஆன குட்டியாகப் பார்த்து வாங்குங்கள். காட்டிலிருந்து வந்தது ஒட்டுண்ணிகளோடும் பெரும் பயத்தோடும் வரும். அதனிடம் நம்பிக்கை பெறுவது பற்றிப் பேசுவதற்கு முன் அது பிழைக்குமா என்று பார்க்க வேண்டியிருக்கும்.

நம்பிக்கை என்று நான் சொல்வது நாய் காட்டும் பாசத்தை அல்ல. பச்சோந்தி தனியாக வாழும் உயிர். தன் இனத்தையே இனப்பெருக்கக் காலத்தில் மட்டும்தான் பக்கத்தில் விடும். நீங்கள் ஆபத்து இல்லை, உங்கள் கை ஏறத்தக்க ஒரு கிளை, சாப்பாடு வரும் இடம் என்று அது முடிவு செய்தால் அதுதான் நம்பிக்கை. சில பச்சோந்திகள் கடைசிவரை கையில் ஏறாது, கையிலிருந்து சாப்பிட மட்டும் செய்யும். அப்படிப்பட்ட பச்சோந்தியையும் நான் பழகிய பச்சோந்தி என்றே கணக்கில் வைப்பேன்.

கூண்டு

கூண்டு சரியில்லாத வீட்டில் மேற்கொண்டு எதைச் செய்தாலும் பலன் இல்லை. வளர்ந்த பச்சோந்திக்கு 60 சென்டிமீட்டர் அகலம், 60 ஆழம், 120 உயரம் உள்ள வலைக்கூண்டு வேண்டும். அதைத் தரையில் வைக்காதீர்கள். மேசை மேல் ஏற்றி, அது வழக்கமாக உட்காரும் கிளை உங்கள் கண் மட்டத்துக்கு மேலே வரும்படி வையுங்கள். நீங்கள் அதைக் குனிந்து பார்க்கும்வரை அதற்கு நீங்கள் வேட்டையாடும் விலங்கு. நிமிர்ந்து பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து அதன் பதற்றம் குறைவதைக் காண்பீர்கள்.

உள்ளே மணி பிளான்ட், செம்பருத்தி போன்ற உயிருள்ள செடிகள் அடர்த்தியாக இருக்கட்டும். "செடி நிறைய வைத்தால் ஒளிந்துகொள்கிறது, பார்க்கவே முடியவில்லை" என்று செடிகளை எடுத்துவிடுகிறவர்கள் உண்டு. ஒளிய இடம் இருக்கிறது என்று தெரிந்த பச்சோந்திதான் வெளியே வந்து உட்காரும். இடம் இல்லாவிட்டால் நாள் முழுக்க விறைத்துப் போய் ஒரே கிளையைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

மற்றவை சுருக்கமாக: வெயில் காயும் கிளையில் 29, 30 டிகிரி செல்சியஸ், குழல் வடிவ யுவிபி விளக்கு, பகலில் 12 மணி நேரம், கிண்ணத் தண்ணீரைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது என்பதால் இலைகள் மேல் தண்ணீர் தெளிப்பு. கண்ணாடி எதிரே வேண்டாம், தன் பிம்பத்தைப் பார்த்தே சண்டைக்கு நிற்கும். இரண்டாவது பச்சோந்தி கண்ணில் படவே கூடாது. பூனை இருக்கும் அறை ஆகாது.

முதல் சில வாரங்கள்

ஒன்றும் செய்யாதீர்கள். உணவு வையுங்கள், தண்ணீர் தெளியுங்கள், எச்சத்தை அகற்றுங்கள், கதவைச் சாத்துங்கள். எல்லாம் தினமும் ஒரே நேரத்தில், ஒரே வேகத்தில். மற்ற நேரத்தில் அதே அறையில் உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள், புத்தகம் படியுங்கள், தொலைபேசியில் பேசுங்கள். அதை நேருக்கு நேர் உற்றுப் பார்க்க வேண்டாம். இரண்டு கண்ணையும் ஒரே புள்ளியில் குவிப்பது பச்சோந்தியின் உலகில் வேட்டையாடுகிறவன் செய்கிற காரியம்; அதுவும் பூச்சியை அடிப்பதற்கு முன் அதைத்தான் செய்கிறது. பக்கவாட்டில் திரும்பி உட்காருங்கள். சட்டை மங்கலான நிறத்தில் இருக்கட்டும். என் வீட்டில் பச்சோந்தி இருக்கும் அறைக்குள் சிவப்புச் சட்டை நுழையக் கூடாது, விருந்தாளியாக இருந்தாலும்.

உடம்பைப் படிப்பது

கையை நீட்டும் முன் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். இதைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் கடி வாங்குகிறார்கள்.

சுற்றியுள்ள நிறத்துக்கு ஏற்ப மாறிக்கொள்கிறது என்ற நம்பிக்கையை முதலில் விடுங்கள். அந்த நிறமாற்றம் பெரும்பாலும் அதன் பேச்சு, கொஞ்சம் வெப்பக் கணக்கு. 2013இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ரஸ்ஸல் லைகனும் கெவின் மெக்ராவும் ஏமன் பச்சோந்தி ஆண்கள் மோதுவதைப் பதிவுசெய்து ஆராய்ந்தார்கள். பக்கவாட்டுக் கோடுகள் பளிச்சென்று ஒளிரும் ஆண் எதிரியை நெருங்கத் துணிந்தது. தலை வேகமாகப் பிரகாசமான ஆண் வென்றது. தோற்கும் ஆண் நிறத்தைக் கறுக்க வைத்து, இனி சண்டை வேண்டாம் என்று தெரிவிப்பதை அடுத்த ஆண்டு லைகன் காட்டினார். உங்கள் முன்னால் பச்சோந்தி திடீரென்று பளபளத்தால் அது மகிழ்ச்சியில் மின்னுகிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்களை எதிரியாக எண்ணி நிற்கிறது. கறுத்தால் பயந்துவிட்டது. ஆனால் காலையில் விளக்கு எரியத் தொடங்கியதும் கறுப்பாக இருந்தால் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது என்று பொருள். அதனால் நிறத்தை மட்டும் பார்க்காமல் நேரத்தையும் இடத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

பச்சோந்தி பயத்தைப் படிப்படியாகத்தான் காட்டும். முதலில் கிளையின் மறுபக்கத்துக்கு மெல்ல நகரும். உடம்பைத் தட்டையாக்கி, கிளைக்குப் பின்னால் கோடுபோல் ஒடுங்கி, ஒரு கண்ணை மட்டும் எட்டிப் பார்க்க வைக்கும். அது "தள்ளிப் போ" என்ற மரியாதையான வேண்டுகோள். அங்கேயே நின்றுவிட்டால் அடுத்த படிக்கு வேலையே இல்லை. கேட்காவிட்டால் தொண்டையை உப்பவைக்கும், உடம்பைப் பெரிதாகக் காட்டும், முன்னும் பின்னும் ஆடும், வாயைப் பிளக்கும், சீறும். கடி கடைசியில்தான். சீறலுக்குப் பிறகு கையை வெடுக்கென்று இழுத்தால் சீறுவது பலிக்கிறது என்று கற்றுக்கொள்ளும், தொடர்ந்து முன்னேறினால் கடிக்கும். கையை அப்படியே நிறுத்தி, மூச்சு இரண்டு விட்டு, மெதுவாகக் கீழே இறக்குங்கள். அன்றைக்கு அத்தோடு போதும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தலையை வருடிவிட்டால் கண்ணை மூடிச் சொக்கிப்போகிறது என்று காணொளிகளில் காட்டுகிறார்களே, அதை நம்பாதீர்கள். பகலில் பச்சோந்தி கண்ணை மூடுவது இன்பத்தில் அல்ல. தப்பிக்க வழியில்லாத பயத்தில் மூடும், நோயில் மூடும். பச்சோந்தியை வருடவே கூடாது, எத்தனை ஆண்டு பழகியதாக இருந்தாலும்.

கையிலிருந்து உணவு

காலையில் விளக்கு எரிந்து ஒரு மணி நேரம் கழித்துத் தொடங்குங்கள். உடம்பு சூடாகி, பசி வந்திருக்கும். பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவரலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பசியில் நடுங்கும் உயிர் கையிலிருந்து தின்பதற்குப் பெயர் நம்பிக்கை அல்ல, அதிலும் குட்டிகளுக்கு அது எலும்பு வரைக்கும் கேடு.

முதலில் ஒரு பிளாஸ்டிக் குவளையைக் கூண்டுக்குள் ஒரே இடத்தில் பொருத்தி, உணவை எப்போதும் அதிலேயே வையுங்கள். அந்த இடத்தை நோக்கித் தானாக வர ஆரம்பித்ததும், அதே குவளையை அதே இடத்தில் உங்கள் கையில் பிடியுங்கள். பிறகு குவளையை விட்டு உள்ளங்கையில் பூச்சி. பிறகு விரல்நுனியில். ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள் என்று கேட்காதீர்கள்; தயங்காமல் சாப்பிடும்வரை அதே படியில் இருங்கள்.

சிள்வண்டு அன்றாடச் சாப்பாடு. கைப்பாடத்துக்கு அது வேண்டாம். பட்டுப்புழு, ஹார்ன்வோர்ம் என்று மெதுவாக அசையும், பச்சோந்தி மயங்கும் தீனியைக் கைப்பாடத்துக்கென்றே ஒதுக்கி வையுங்கள். வேறு எப்போதும் அதைத் தராதீர்கள். உலோக இடுக்கி எனக்குப் பிடிக்காது. நாக்கு உடம்பின் நீளத்தை மிஞ்சிப் பாய்ந்து வந்து அடிக்கிறது. அது உலோக முனையில் மோதுவதை ஒருமுறை பார்த்தால் நீங்களும் இடுக்கியைத் தொட மாட்டீர்கள்.

பூச்சியை மூக்கருகே கொண்டுபோகாதீர்கள். வளர்ந்ததற்கு 15, 20 சென்டிமீட்டர் தள்ளிப் பிடியுங்கள். முழங்கைக்கு ஒரு முக்காலியோ நாற்காலி முதுகோ தாங்கலாக இருக்கட்டும், கை நடுங்கினால் அதற்குப் பொறுக்காது. ஒரு கண் உங்கள் முகத்தின் மேலும் மறு கண் பூச்சியின் மேலும் இருந்தால் இன்னும் யோசிக்கிறது என்று அர்த்தம், அசையாமல் இருங்கள். இரண்டு கண்ணும் பூச்சியில் குவிந்து, வாய் லேசாகத் திறந்து நாக்கின் நுனி தெரிந்தால் அடிக்கப் போகிறது. அடித்த அந்தக் கணத்தில் பூச்சியை விட்டுவிடுங்கள். இறுக்கிப் பிடித்திருந்தால் நாக்கின் தசை காயப்படும். பச்சோந்திக்கு நாக்கு போனால் சாப்பாடு போயிற்று. பத்து நிமிடத்தில் எடுக்கவில்லை என்றால் பூச்சியைக் குவளையில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். திரும்ப எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

கையில் ஏறவைப்பது

பெரும்பாலோர் தடுக்கி விழுவது இங்கேதான். கையிலிருந்து சாப்பிடுகிறது, அதனால் தூக்கலாம் என்று நினைத்து வயிற்றைச் சுற்றிப் பிடித்து எடுத்துவிடுவார்கள். பல வாரமாகச் சேர்த்தது அந்த ஒரு பிடியில் போய்விடும்.

இங்கே பச்சோந்தியின் ஒரு இயல்பு உங்களுக்கு உதவும். அதற்கு மேலே ஏறுவதில்தான் விருப்பம். முன்னால், தன் காலடியைவிடச் சற்று உயரத்தில் ஒரு கிளை தெரிந்தால் காலை எடுத்து அதன் மேல் வைக்கத் தோன்றும். உங்கள் கை அந்தக் கிளையாக வேண்டும். கையைக் கூண்டின் கீழ்ப்பக்கத்திலிருந்து கொண்டுவாருங்கள், அதன் கண்ணுக்குத் தெரியும்படி, மெதுவாக. முன்கால்களுக்கு ஒரு விரற்கடை முன்னால், அது நிற்கும் கிளையைவிட ஓரிரு சென்டிமீட்டர் உயரத்தில், ஆள்காட்டி விரலைக் குறுக்காக நீட்டி நிறுத்துங்கள். மற்ற விரல்களை மடக்கிக்கொள்ளுங்கள், விரித்த கை நகம் விரித்த பறவைக் காலைப்போல் இருக்கும். மறு கையில் பட்டுப்புழுவை நீட்டிய விரலுக்கு அப்பால் பிடியுங்கள். நாக்கு எட்டும் தூரத்தைவிடக் கொஞ்சம் தள்ளி, ஒரு அடி எடுத்துவைத்தால்தான் கிடைக்கும்படி.

முதல் நாள் விரலை முகர்வதுபோல் தலையைத் தாழ்த்திப் பார்த்துவிட்டு நின்றுவிடும். சிலது நாக்கின் நுனியால் விரலைத் தொட்டுப் பார்க்கும். சிலது ஒரு காலை வைத்துவிட்டு எடுத்துக்கொள்ளும். ஒரு கால் வைத்தாலே புழுவை அருகே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். நான்கு காலும் வரட்டும் என்று பேரம் பேசாதீர்கள். அடுத்த முறை புழுவை இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் இரண்டு கால் வரும்.

நகம் குத்தும். இடுக்கிபோல் இருபுறமும் பிரிந்த அந்த விரல்கள் இறுகப் பற்றும். வலிக்காது, ஆனால் முதல்முறை திடுக்கிட வைக்கும். திடுக்கிட்டு நீங்கள் கையை உதறினால் கிளை முறிந்ததாகத்தான் அது எடுத்துக்கொள்ளும். பயப்படுகிறவர்கள் மெல்லிய முழுக்கைச் சட்டை போடுங்கள். கையுறை வேண்டாம், பழக வேண்டியது உங்கள் கை.

நான்கு காலும் வந்த பிறகுதான் பெரிய தவறு நடக்கிறது. வால் இன்னும் பழைய கிளையைச் சுற்றியிருக்கும். அதைக் கவனிக்காமல் கையை நகர்த்துவார்கள். பச்சோந்திக்கு வால் ஐந்தாவது கால், பிடி உறுதியானது என்று தெரிந்தால்தான் விடும். அது தானாக அவிழும்வரை ஒரு நிமிடமோ ஐந்து நிமிடமோ நில்லுங்கள். கிளையைப் பற்றியிருக்கும் காலை உங்கள் விரலால் பிரிக்கவே கூடாது. நகம் பிய்ந்துவிடும், விரல் பிசகிவிடும். வேறு வழியே இல்லாத அவசரம் என்றால் கிளையோடு சேர்த்து எடுங்கள்.

இத்தனையும் கூண்டுக்குள் நடக்காமல் போகலாம். கூண்டு அதன் எல்லை. அதற்குள் நுழையும் கையை ஏற்காத பச்சோந்தி, வெளியே சந்தித்தால் சாதுவாக இருக்கும். நான் எல்லோருக்கும் சொல்லும் குறுக்குவழி இது: ஒரு தொட்டிச் செடியை, செம்பருத்தியோ சின்ன ஃபைகஸ் மரமோ, கூண்டின் கதவை ஒட்டி வையுங்கள். உள்ளிருக்கும் கிளை ஒன்று அதைத் தொடட்டும். கதவைத் திறந்துவிட்டுத் தள்ளி உட்காருங்கள். அரை மணியில் வந்தாலும் வரும், மறுநாள் வந்தாலும் வரும். தானாக நடந்து வெளியே வந்த பச்சோந்தி வேறு மனநிலையில் இருக்கும். அந்தச் செடியில் இருக்கும்போது விரலை மேலே சொன்னபடி நீட்டுங்கள். கூண்டுக்குள் பல வாரம் போராடியவர்களுக்கு இங்கே சில நாளில் முதல் கால் விரலில் விழுந்திருக்கிறது. ஃபைகஸ் என்றால் வெளியே உலவ மட்டும் வையுங்கள், பால் வடியும் செடி. கடையிலிருந்து வந்த எந்தச் செடியையும் இலைகளைக் கழுவி, பூச்சிமருந்து போன பிறகுதான் பக்கத்தில் விட வேண்டும். ஏமன் பச்சோந்தி இலையும் தின்னும்.

கூண்டைச் சுத்தம் செய்யவோ மருத்துவரிடம் கொண்டுபோகவோ எடுக்க வேண்டிய நாளில் உங்கள் கையைப் பயன்படுத்தாதீர்கள். அந்தத் தொட்டிச் செடியையோ ஒரு கொம்பையோ நீட்டி ஏற்றுங்கள். மருந்து கொடுத்த கசப்பு கொம்போடு போகட்டும், கையோடு ஒட்ட வேண்டாம்.

எவ்வளவு நேரம், எப்போது வேண்டாம்

வாரத்தில் இரண்டு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம். அதற்கு மேல் தேவையில்லை. வெப்பவிளக்கைவிட்டு வெளியே இருக்கும்போது உடம்பு குளிர்ந்துகொண்டே போகும், கனடாவின் குளிர்காலத்தில் இன்னும் வேகமாக. கறுக்கத் தொடங்கும் முன் கூண்டருகே கொண்டுபோய், அதுவாகக் கிளைக்கு ஏற விடுங்கள். தோள்மேல் வைத்துக்கொண்டு கடைவீதிக்குப் போவது, பிறந்தநாள் விழாவில் கைமாற்றிக் கைமாற்றிக் காட்டுவது எல்லாம் வேண்டவே வேண்டாம். ஊர்வனவற்றின் உடம்பில் சால்மனெல்லா கிருமி இருக்கும். ஒவ்வொரு முறையும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் வேடிக்கை பார்க்கட்டும், தொட வேண்டாம். விளக்கு அணைந்த பிறகு எந்தக் காரணத்துக்கும் கூண்டைத் திறக்காதீர்கள்.

ஆறேழு மாத வயதில், அதுவரை சாதாரணமாகக் கையில் ஏறிய ஆண் ஒருநாள் சீறும். பருவம் வருகிறது. இரண்டு படி இறங்கி, கைச்சாப்பாட்டிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

பெண் பச்சோந்தி இணை சேராமலே முட்டையிடும். கூண்டின் அடியில் ஈரமணல் நிரப்பிய ஆழமான தொட்டி எப்போதும் இருக்க வேண்டும். உடம்பு கறுத்து, மேலே மஞ்சளும் நீலமுமாகப் புள்ளிகள் எழுந்தால் பழக்கும் வேலையெல்லாம் நிற்க வேண்டும். அடியில் இறங்கித் தோண்டுகிறது என்றால் கூண்டைத் துணியால் மறைத்துவிட்டு அந்த அறையைவிட்டே போய்விடுங்கள். யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் பாதியில் நிறுத்திவிடும். முட்டை உள்ளேயே தங்கினால் உயிருக்கு ஆபத்து.

திடீர்ச் சாதுத்தனத்தையும் கவனியுங்கள். நேற்றுவரை கையைக் கண்டால் நகர்ந்த பச்சோந்தி இன்று எதிர்ப்பே இல்லாமல் கையில் கிடந்தால் பெருமைப்படாதீர்கள். கண்கள் உள்ளே குழிந்திருக்கின்றனவா, பகலில் மூடுகின்றனவா, பிடி தளர்ந்திருக்கிறதா, கால் எலும்பு வளைந்திருக்கிறதா, நாக்கு பூச்சியை எட்டவில்லையா என்று பாருங்கள். எச்சத்தோடு வெள்ளையாக வரும் யூரேட் ஆரஞ்சு நிறமாகியிருந்தால் தண்ணீர் போதவில்லை. இவற்றில் ஒன்று இருந்தாலும் ஊர்வன மருத்துவரை அன்றே அழையுங்கள். விளக்கு வாங்கிய தேதி, கூண்டின் வெப்பம், கடைசியாகச் சாப்பிட்ட நாள், கால்சியம் தூள் எத்தனை நாளுக்கு ஒருமுறை தூவுகிறீர்கள் என்பதையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். அவர் முதலில் கேட்பது அதைத்தான்.